மண்புழுத் தொட்டியில் கோளாறு: காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

வீட்டு மண்புழுத் தொட்டியில் நாற்றம் எழுந்தாலோ, ஈ மொய்த்தாலோ, புழுக்கள் சுவரேறித் தப்பப் பார்த்தாலோ, எதையாவது உள்ளே போட்டுச் சரிசெய்யத்தான் கை துறுதுறுக்கும். ஒருவர் சுண்ணாம்பு தூவச் சொல்வார். இன்னொருவர் தண்ணீர் தெளிக்கச் சொல்வார். மூன்றாமவர் புதிதாகப் புழு வாங்கி விடச் சொல்வார். மூன்றையும் ஒரே நாளில் செய்துவிட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு பிரித்தறிய வழியே இருக்காது.

கோளாறுகள் பலவாகத் தெரிந்தாலும் அவற்றின் வேர் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் இருக்கிறது: நீர் கூடிவிட்டது, காற்று குறைந்துவிட்டது, புழுக்கள் தின்னக்கூடியதைவிட அதிகமாக உணவு விழுந்துவிட்டது. இந்த மூன்றாவதுதான் பல நேரங்களில் முதலிரண்டையும் இழுத்துவருகிறது. ஆகவே எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை, உணவு போடுவதை நிறுத்துவது. புழுக்கள் பட்டினியால் செத்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். சில மாதங்கள் ஓடிய தொட்டியில் படுக்கையும் (புழுக்கள் வாழ விரித்த அட்டை, காய்ந்த இலை போன்றவை) பாதி மக்கிய கழிவுமே இரண்டு மூன்று வாரங்களுக்கு அவற்றுக்குப் போதும்.

இன்னொன்றையும் முன்பே சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது மேல்மட்டக் குப்பையில் வாழும் உரப்புழுக்களைப் பற்றி: ஐசீனியா ஃபெடிடா, யூட்ரிலஸ் யூஜெனியே, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் போன்றவை. தோட்டத்து மண்ணை ஆழமாகத் தோண்டி எடுத்து விட்ட புழுக்கள் வளை தோண்டி வாழும் இனமாக இருந்தால் தொட்டிக்குள் நிலைக்காது. அவற்றைத் திரும்ப மண்ணிலேயே விட்டுவிடுவதுதான் சரி.

## மருந்துக்கு முன் பரிசோதனை

இந்த வரிசையில் பார்த்தால் பெரும்பாலான கோளாறுகள் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

1. மூடியைத் திறந்ததும் முகருங்கள். ஈரமண் வாசம் வந்தால் அடிப்படை நன்றாக இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று இல்லை. மூக்கையும் கண்ணையும் எரிக்கும் நெடி அம்மோனியாவுடையது. புளித்த வாடை அமிலம் ஏறியதைக் காட்டுகிறது.

2. கையை அடிவரை விடுங்கள். மேற்பரப்பை மட்டும் பார்த்து முடிவுசெய்வது தவறான சிகிச்சையில் கொண்டுபோய் விடும். மேலே காய்ந்து சருகாகக் கிடக்கும் தொட்டியின் அடியில் சேறு தேங்கியிருப்பது மிகச் சாதாரணம். காய்ந்துவிட்டது என்று நினைத்து அதன் மேல் மறுபடி தண்ணீர் தெளித்தால் அடிச்சேறு இன்னும் கூடும்.

3. நடு ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரியான ஈரம். தாரையாக ஒழுகினால் அதிகம். சொட்டே வராமல், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு. எடைக்கணக்கில் 70 முதல் 80 சதவீத ஈரப்பதம் புழுவுக்கு ஏற்றது. அதை அளக்கக் கருவி தேவையில்லை. இந்தப் பிடியே போதும்.

4. வெப்பமானி இருந்தால் உணவு புதைத்த இடத்தில் செருகிப் பாருங்கள். அறையின் வெப்பநிலையைப் பார்த்துத் தொட்டியை மதிப்பிட முடியாது. கழிவு மக்கும்போது தானே சூடேறும்.

5. கடைசியாகப் புழுவைப் பாருங்கள். தொட்டவுடன் சுருண்டு துள்ளுகிறதா, தளர்ந்து கிடக்கிறதா? எல்லாம் ஒரு மூலையில் பந்தாகத் திரண்டிருக்கின்றனவா? எந்த மூலையை விட்டு ஓடியிருக்கின்றனவோ, கோளாறு அங்கேதான் இருக்கிறது.

பார்த்தவுடன் ஒரே ஒரு மாற்றம் செய்து, இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். புழுக்கள் கூட்டமாகச் சாகும் அவசர நிலைக்கு மட்டும் இது பொருந்தாது. அதற்கான வழி கீழே தனியாக இருக்கிறது.

## நாற்றம்

நலமான தொட்டி நாறாது. சமையலறைக்குள்ளேயே வைத்திருந்தாலும் வீட்டுக்கு வருபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே நாற்றத்தைச் சகித்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. அது எப்போதும் ஒரு தகவல்.

அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவால் வருவது. படுக்கையின் துளைகள் முழுக்க நீர் நிரம்பியதும் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகி அதை வெளியிடுகின்றன. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோலால் சுவாசிக்கிறது. தோல் ஈரமாக இருக்க வேண்டும், அதே சமயம் சுற்றிலும் காற்றும் வேண்டும். நீர் தேங்கிய இடத்தில் முதல் தேவை நிறைவேறுகிறது, இரண்டாவது பறிபோகிறது.

சரிசெய்ய, அடித்துளைகளை ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். புழு எரு பசைபோல் இறுகி அவற்றை அடைத்திருக்கும். பிறகு நாறும் உணவுக்குவியலை அப்படியே எடுத்து வெளியே போட்டுவிடுங்கள். அதைக் காப்பாற்ற முயல்வது வீண். பழுப்பு அட்டைப் பெட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து, நனைக்காமல், நீர் தேங்கிய பகுதியோடு கலந்து மெதுவாகப் புரட்டுங்கள். அட்டை நீரை உறிஞ்சும். அதன் நெளிவுகள் காற்றுக்கு இடம் விடும். செய்தித்தாளைத் தனியாகப் போட்டால் நனைந்து தகடாகப் படிந்து, காற்றை இன்னும் அடைக்கும். அட்டையோடு கலந்து போடுவதே நல்லது. சில நாட்கள் மூடியைச் சற்றுத் திறந்து வைக்கலாம்.

அம்மோனியா நெடி வேறு கதை. ஈரம் சரியாகவே இருக்கும், ஆனால் நைட்ரஜன் மிகுந்த பொருள் அளவுக்கு மேல் விழுந்திருக்கும்: பசும்புல், கோழி எச்சம், பருப்பு, மாவு, சமைத்த புரத உணவு. கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ 25–30க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் மக்கல் சீராக நடக்கும். அதற்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். காய்ந்த இலை, அட்டை, மரத்தூள் ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்த்தால் போதும். நெடி அடிக்கும் தொட்டியில் சுண்ணாம்பு மட்டும் போட்டுவிடாதீர்கள். காரத்தன்மை கூடக் கூட அம்மோனியா இன்னும் வேகமாக வெளியேறும். நாற்றம் என்றாலே சுண்ணாம்பு என்ற பழக்கம் இங்கேதான் புழுக்களைக் கொல்கிறது.

புளித்த வாடைக்குச் சுண்ணச்சத்து உதவும், ஆனால் எந்த வடிவில் என்பது முக்கியம். முட்டையோட்டைக் காயவைத்து நன்கு பொடித்தது, அல்லது சுண்ணாம்புக்கல் தூள் எனப்படும் கால்சியம் கார்பனேட், இரண்டும் பாதுகாப்பானவை. சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் கூடவே கூடாது. அவை புழுவின் தோலைப் பொசுக்கும். சோடா உப்பும் வேண்டாம், அதிலுள்ள சோடியம் படுக்கையில் தங்கிவிடும். முட்டையோடு மெதுவாகத்தான் வேலை செய்யும். அதுவரை பழத்தோல், குறிப்பாக எலுமிச்சை இனத் தோல்களை நிறுத்திவையுங்கள்.

## புழுக்கள் தப்பியோடுதல்

புதிதாகத் தொடங்கிய தொட்டியில் முதல் சில இரவுகள் புழுக்கள் சுவரேறுவது இயல்பு. இடமாற்றம் அவற்றுக்கு ஒப்பவில்லை, அவ்வளவுதான். தொட்டிக்கு மேல் ஒரு விளக்கை இரவு முழுவதும் எரியவிடுங்கள். மண்புழு வெளிச்சத்துக்கு அஞ்சிப் படுக்கைக்குள் இறங்கிவிடும். ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பெரியோனிக்ஸ் இனம் இதில் தனி ரகம். எல்லாம் சரியாக இருந்தாலும் மழைக்கு முன்னால் வானிலை மாறும்போது கூட்டமாக வெளியேறக்கூடியது. அதை வளர்ப்பவர்கள் மூடியின் விளிம்பையும் காற்றுத்துளைகளையும் நுண்வலையால் அடைத்துவிடுவது நல்லது.

மாதக்கணக்கில் அமைதியாக இருந்த தொட்டியிலிருந்து புழுக்கள் திடீரென ஓடினால் விளக்கு தீர்வாகாது. உள்ளே தாங்க முடியாத ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது வெளிச்சம் காட்டி அவற்றை உள்ளேயே அடைப்பது கொடுமை. கடைசியாக என்ன போட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். புதிதாகச் சேர்த்த தென்னை நார்க்கழிவாக இருந்தால் அதில் உப்பு இருக்கலாம். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். படுக்கையில் உப்பு 0.5 சதவீதத்தைத் தாண்டினாலே புழுக்களுக்குத் துன்பம்.

## புழுக்கள் சாகும்போது

மண்புழுவின் உடல் பெரும்பகுதி நீரும் புரதமும் என்பதால் செத்த புழு ஓரிரு நாளில் கரைந்துவிடும். எனவே செத்த புழு கண்ணில் படாதது நல்ல செய்தி என்று கொள்ள முடியாது. புழுக்கள் காணாமல் போகின்றன, சுவரிலும் தரையிலும் தப்பியோடிய தடயமும் இல்லை என்றால் அவை உள்ளேயே சாகின்றன.

அவசரத்தில் செய்ய வேண்டியது இது. ஒரு சிறு பெட்டியில் கிழித்த அட்டையை நனைத்துப் பிழிந்து பரப்புங்கள். அதோடு தொட்டியின் கெடாத மூலையிலிருந்து ஒரு பிடி எருவைக் கலந்து, உயிரோடு இருக்கும் புழுக்களை அதில் விடுங்கள். உணவு எதுவும் வைக்க வேண்டாம். இப்படி ஒரு பெட்டி எப்போதும் தயாராக இருப்பது நல்ல பழக்கம். பெரிய தொட்டியில் என்ன கெட்டது என்று நிதானமாக ஆராய அது அவகாசம் தருகிறது. மொத்தப் புழுக்களையும் மாற்ற முடியாவிட்டாலும், ஐம்பது அறுபது பிழைத்தால் கூட்டம் மீளும்.

இனி காரணங்கள். முதலாவது வெப்பம். ஐசீனியா ஃபெடிடாவுக்கு 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் ஏற்றது. 35 டிகிரியை நெருங்கினால் சாகத் தொடங்கும். யூட்ரிலஸ் சற்றுக் கூடுதல் வெப்பத்தை விரும்பும், ஆனால் குளிர் அதற்கு ஆகாது. சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. ஒரே இடத்தில் தடிமனாகக் கொட்டிய பசுங்கழிவு வெளிக்காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடேறும். உணவு அடுக்கு எப்போதும் 5 செ.மீ.க்குள் இருக்கட்டும்; தொட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் போட்டு, மறுபக்கத்தைப் புழுக்களுக்கு ஒதுங்குமிடமாக விடுங்கள். வெயில் காலத்தில் உறையவைத்த தண்ணீர்ப் புட்டியை மூடி இறுகிய நிலையில் படுக்கையின் மேல் வைக்கலாம்.

இரண்டாவது, வளர்ப்பவர்கள் புரத நஞ்சு என்று சொல்வது. புழுவின் உடல் அங்கங்கே வீங்கி, வீக்கங்களுக்கிடையே நூலாக இறுகி, சில சமயம் வெடித்தும் போகும். மாவு, தானியம், பருப்பு, சோறு, ரொட்டி, கால்நடைத் தீவனம் போன்றவை மிகுதியாக விழுந்து, தொட்டி அமிலமாகிப் புளித்திருக்கும்போது இது நேரும். வீங்கிய புழுவுக்குச் சிகிச்சை கிடையாது. மற்றவற்றைப் புதிய படுக்கைக்கு மாற்றி, பழையதில் எஞ்சிய உணவை முழுக்க நீக்கி, முட்டையோட்டுத் தூள் கலந்து காற்றாட விடுங்கள்.

மூன்றாவது நஞ்சு. பூச்சிமருந்து தெளித்த புல், மரச்சாமானிலிருந்து அறுத்த மரத்தூள், குடற்புழு மருந்து கொடுத்த கால்நடையின் சாணம், மூன்றும் ஆபத்தானவை. கடைசியானது பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் சாணத்திலும் வெளியேறும். சாணம் வாங்கும்போது எப்போது மருந்து கொடுத்தார்கள் என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

## வறட்சி

இது எளிது. படுக்கை காய்ந்து, புழுக்கள் மெலிந்து அடியில் பந்தாகத் திரண்டிருக்கும். ஒரே நேரத்தில் குடம் குடமாக ஊற்றாமல், தெளிப்பானால் இரண்டு மூன்று நாள் தெளித்து, மேலே ஈர அட்டையை மூடியாகப் போடுங்கள். குளோரின் கலந்த குழாய்நீரை ஓர் இரவு திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டுப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

## அழையா விருந்தாளிகள்

மண்புழுத் தொட்டியில் மண்புழு மட்டுமே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. அது ஒரு முழு உயிர்க்கூட்டம். உள்ளே நெளிவன, துள்ளுவனவற்றில் பாதி உங்களுக்காக உழைப்பவை. விரலால் தட்டினால் துள்ளும் வெண்ணிறப் பொடிப்பூச்சிகள் ஸ்பிரிங்டெயில்கள். பூஞ்சையைத் தின்று வாழும், தீங்கு செய்யாது. நூல் துண்டுபோன்ற வெள்ளைப் புழுக்களைக் கண்டு மண்புழுக் குட்டிகள் என்று மகிழ்பவர் உண்டு. குட்டி மண்புழுவில் சிவப்பு இரத்தக்கோடு தெரியும். இவை வெண்மையாகவே இருக்கும். இவையும் தீங்கற்றவை, ஆனால் திரளாகப் பெருகினால் தொட்டி ஈரமும் அமிலமும் ஏறிக் கிடக்கிறது என்று பொருள். மரவட்டை நல்லது. பூரான் வேட்டையாடும், இடுக்கியால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். தலை விசிறிபோல் அகன்ற தட்டைப்புழு மண்புழுவையே தின்னும், கண்டால் விடாதீர்கள். அதைத் துண்டாக வெட்டினால் துண்டுகள் மறுபடி வளரக்கூடும் என்பதால் முழுதாக எடுத்து உப்புநீரில் போடுங்கள், தொட்டிக்கு வெளியே.

பழ ஈக்குப் பொறி வைப்பது எளிது: கிண்ணத்தில் வினிகரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும். ஆனால் தொட்டிக்குள் பழத்தோல் திறந்து கிடக்கும்போது பொறி மட்டும் வைப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை. சூடான காலத்தில் முட்டையிலிருந்து பறக்கும் ஈ வரை சுமார் பத்து நாளில் ஆகிவிடும். ஆகவே இரண்டு வாரம் பழக்கழிவை நிறுத்துங்கள். பிறகு தோல்களை இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்துப் போடுங்கள். தோலோடு வந்த முட்டைகள் சாகும், தோலும் மெத்தென்று ஆகிச் சீக்கிரம் மக்கும். உணவைக் குறைந்தது 5 செ.மீ. ஆழத்தில் புதைத்து, மேலே ஈரச் செய்தித்தாளை இடைவெளியின்றி மூடுங்கள்.

பூஞ்சைக் கொசு கருப்பாக, மெலிந்து, நீண்ட கால்களோடு இருக்கும், வினிகருக்கு வராது. அதன் குழவி, அதாவது முட்டையிலிருந்து வரும் இளம்புழு, ஈரமான மேற்படுக்கையில் வாழ்வதால் மேல் 3 செ.மீ. பகுதியை ஒரு வாரம் காயவிட்டு, மஞ்சள் ஒட்டட்டைகளைத் தொங்கவிடுங்கள். அடங்காவிட்டால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் கலந்த நீரைத் தெளிக்கலாம். அந்தப் பாக்டீரியா கொசு இனக் குழவிகளைத்தான் தாக்கும், மண்புழுவை அல்ல.

பழுப்பு அல்லது வெள்ளை உண்ணிகள் உணவின் மேல் பொடி தூவியதுபோல் படிந்தால், முலாம்பழத் தோலைக் கவிழ்த்து வைத்து மறுநாள் அவற்றோடு எடுத்து எறியுங்கள். நாலைந்து நாள் தொடர்ந்து செய்து, ஈரத்தையும் குறைத்தால் பெரும்பாலும் கட்டுப்படும். எறும்பு வந்தால் தொட்டி காய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொட்டியின் கால்களை நீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்துவது நிரந்தரத் தடுப்பு.

பிளாக் சோல்ஜர் ஈயின் குழவியைத்தான் பலர் கண்டு மிரள்கிறார்கள். சாம்பல் நிறம், தட்டையான உடல், 2 செ.மீ. வரை நீளம், அசுரப் பசி. மண்புழுவைத் தின்னாது. உணவை முந்திக்கொள்ளும், இடத்தைச் சூடாக்கும், பிசுபிசுப்பாக்கும். கையுறை அணிந்து பொறுக்கி எடுத்து, காற்றுத்துளைகளுக்கு வலை ஒட்டுங்கள். முழுக்க ஒழிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது தேவையில்லை என்பது என் கருத்து.

எதற்காகவும் தொட்டிக்குள் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது.

## உணவு அப்படியே கிடக்கிறது

நல்ல நிலையில் ஒரு கிலோ புழு நாளொன்றுக்கு அரைக் கிலோ வரை தின்னும் என்பார்கள். அது முதிர்ந்த, சீரான தொட்டிக்கான உச்ச அளவு. புதிய தொட்டியில் அதில் பாதிகூட நடக்காது. புழுவுக்குப் பல் இல்லை. நுண்ணுயிர்கள் இளக்கிய பிறகே விழுங்கி, அரைவைப்பையில் அரைக்கிறது. எனவே நறுக்கிப் போடுங்கள், உறையவைத்துப் போடுங்கள், அரைவைக்கு உதவ மாதம் ஒருமுறை முட்டையோட்டுத் தூள் தூவுங்கள். முன்பு போட்டதில் பெரும்பகுதி கரையும் வரை அடுத்ததைப் போடாமல் இருப்பதுதான் சரியான அளவு. வெங்காயம், பூண்டு, மிளகாய், எண்ணெய், உப்பிட்ட மிச்சம் ஆகியவை தீண்டப்படாமல் கிடந்தால் குற்றம் புழுக்களுடையது அல்ல.

எல்லாம் சரியாக இருந்தும் வேகம் குறைந்துகொண்டே போனால், படுக்கை தீர்ந்து தொட்டி முழுவதும் எருவாகிவிட்டதா என்று பாருங்கள். சொந்தக் கழிவிலேயே வாழ நேர்ந்தால் புழுக்கள் சோர்ந்துவிடும். அறுவடைக்கு நேரமாகிவிட்டது. எரு களிமண்ணாக ஒட்டிக்கொண்டு சலிக்க வரவில்லையென்றால், பிளாஸ்டிக் தாளில் சிறு கூம்புகளாகக் குவித்து வெளிச்சத்தில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேற்பகுதியை வழித்தெடுத்தால் புழுக்கள் அடியில் இறங்கித் திரண்டுவிடும்.

அடியில் வடியும் பழுப்புநீரைச் சத்துநீர் என்று செடிக்கு நேரே ஊற்ற வேண்டாம். அது பாதி மக்கிய கழிவின் ஊறல், நாறினால் கொட்டிவிடுங்கள். சீரான தொட்டியில் அது அதிகம் வடியவும் கூடாது.

## புழுவே இல்லை என்று தோன்றினால்

தொட்டியைக் காலி செய்துவிடாதீர்கள். எருவைக் கிளறி, எலுமிச்சை வடிவில், 2 முதல் 4 மி.மீ. அளவில், வைக்கோல் நிறத்திலோ பழுப்பாகவோ முட்டைக்கூடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். வளர்ந்த புழுவைக் கொன்ற வறட்சியையும் குளிரையும் இவை பலமுறை தாங்கிவிடுகின்றன. கெட்ட உணவையெல்லாம் நீக்கி, ஈரமான அட்டை கலந்து, நிழலில் சரியான ஈரத்தில் வையுங்கள். ஐசீனியாவின் கூடு ஏற்ற வெப்பத்தில் மூன்று நான்கு வாரங்களில் பொரியும். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்று குட்டிகள் வரலாம். ஆறு வாரம் பொறுத்தும் ஒரு குட்டிகூடத் தென்படாவிட்டால் மட்டும் புதுப் புழு வாங்குங்கள். வாங்கியவற்றை மொத்தமாக விடாமல் முதலில் பத்துப் பன்னிரண்டை மட்டும் ஒரு மூலையில் விட்டு, இரண்டு நாள் கழித்து அவை துடிப்பாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மற்றவற்றை இறக்குங்கள்.